சுபேதார் சாப்பிடம் மைக்கை வாங்கியிருக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை ஓசூர் கூட்டத்தில் நடந்ததை நிறையப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். முழுக் கதையும் சொல்லப் போவதில்லை. மேடையில் இருந்தவர் ட்ரோன், செயற்கை நுண்ணறிவு, நவீனமயம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ராணுவத்தில் இளநிலை அதிகாரியாக இருந்த நம் சுபேதார் சாப் எழுந்து, "புதுக் கருவியில் கோளாறு என்று ஜவான் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் எதுவரைக்கும் போகும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அதற்கு இது இடமில்லை, உட்காருங்க" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள். எழுபதைத் தாண்டிய மனிதர். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பாதுகாப்பு அமைச்சகம் 2025ஐச் சீர்திருத்த ஆண்டு என்று அறிவித்தது. காலாட்படை பட்டாலியன்களுக்கு ட்ரோன் பிளாட்டூன், அதாவது ட்ரோனுக்கென்று ஒரு சிறு படைக்குழு என்று ராணுவத் தளபதியும் அதே ஆண்டு ஜூலையில் சொன்னார். இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த ட்ரோனைப் பறக்கவிடப் போவது ஒரு சிப்பாய். குளிரில் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று முதலில் தெரிவது அவனுக்குத்தான். அவன் பயமில்லாமல் "சார், இது சரியில்லை" என்று சொல்ல முடியாவிட்டால் என்ன வாங்கி என்ன பயன்?

நான் ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவின் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். ஒருமுறை பெரிய இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. மரத்துக்கெல்லாம் காவியும் சுண்ணாம்பும் அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு லாரியில் பிரேக்குக்குக் காற்று நிற்கவில்லை. வால்வில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி குமிழியாக வருகிறது. வி.ஓ.ஆர்., அதாவது ரோட்டில் இறக்கக் கூடாத வண்டி என்று எழுதிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்த கார்டு கிழிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஆய்வு முடியும்வரை எல்லா வண்டியும் ஓடுகிற வண்டியாகவே இருக்க வேண்டுமாம். அதை மலைப்பாதையில் ஓட்ட வேண்டிய டிரைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதே ஒர்க்‌ஷாப்புக்கு அப்புறம் ஒரு இளம் கேப்டன் வந்தார். வண்டிக்கு அடியில் எங்களோடு படுத்து, "எங்கே கசிகிறது, காட்டு" என்று கேட்பார். அவர் இருந்தவரை ஒரு வண்டிக்கும் பொய்க் கணக்கு எழுதவில்லை. அவர் மாற்றலாகிப் போனதும் பழையபடி ஆகிவிட்டது. நல்ல அதிகாரி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்றால் அதை எப்படி அமைப்பு என்று சொல்வது?

"ராணுவம் என்ன பஞ்சாயத்தா, ஆளாளுக்குக் கேள்வி கேட்க?" என்று வருவீர்கள். சண்டையில் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும், சரி. பிரேக் கசிகிறது என்று சொல்வதில் என்ன ஒழுங்கீனம்? "ராணுவத்தையே குறை சொல்கிறாயே" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே வலிக்கிறது. என் இளமையை அங்கேதான் கொடுத்தேன்.

"எல்லாவற்றையும் வெளியே பேசலாமா?" என்பது நியாயமான கேள்வி. பேசக் கூடாது. அதனால்தான் உள்ளேயே வழி வேண்டும் என்கிறேன். 2017இல் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சாப்பாட்டைப் பற்றி வீடியோ போட்டார், வேலை போனது. அந்தச் சமயத்தில் ராணுவத் தளபதியாக இருந்த பிபின் ராவத், ராணுவத்தில் குறைகளை எழுதிப் போடப் பெட்டி வைக்கச் சொன்னார். நல்ல ஏற்பாடு. ஆனால் எழுதிப் போட்டவனை மறுநாள் யாரும் தேடமாட்டார்கள் என்று அவன் நம்ப வேண்டுமே?

ஓசூரைப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேர்த்திருக்கிறார்கள். இதே ஊரில் சில கம்பெனிகளில், தப்பு தெரிந்தால் உற்பத்தி லைனில் நிற்கும் பையனே லைனை நிறுத்தலாம். அவனை யாரும் அதட்டுவதில்லை.

இப்போது சிப்பாய்களை எடுப்பது அக்னிபத் திட்டத்தில். நாலு வருஷம், அதில் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் நிரந்தரம். பென்னாகரத்தில் இருக்கும் என் அக்கா மகன் இப்போது அக்னிவீர். லீவில் வந்தபோது, "மாமா, ஏதாவது சரியில்லைன்னா சொல்லலாமா?" என்று கேட்டான். "தாராளமா சொல்லு" என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து வந்து, "நாலு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தா வேலை நிலைக்கும், நீ கெடுக்காதே" என்று சத்தம் போட்டாள். அவளிடம் எனக்குக் கோபமில்லை. பெற்றவளையே இப்படிப் பேச வைத்திருக்கிறார்களே, அந்தக் கோபத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.