சோலோன் ஓட்டுக்காகத் தள்ளுபடி செய்தாராம்!

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள், வராதவர்கள் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். முழுக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. பேச்சு, பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய சோலோனைப் பற்றியது. "உலகத்தின் முதல் கடன் தள்ளுபடி அரசியல்வாதி சோலோன்தான், ஓட்டுக்காக அடுத்தவன் பணத்தைத் தூக்கிக் கொடுத்தவர்" என்றார் பேச்சாளர். நான் எழுந்து ஒரு கேள்வி கேட்கப் போனேன். "டீச்சர், இது உங்க வகுப்பறை இல்ல, உட்காருங்க." அரங்கமே சிரித்தது. சரி, உட்கார்ந்துவிட்டேன். இது என் பக்கம், இங்கே யாரும் என்னை உட்காரச் சொல்ல முடியாது.

கி.மு. 594இல் சோலோன் ஏதென்ஸின் ஆர்க்கனாக, அதாவது தலைமை அதிகாரியாக, வந்தபோது அந்த ஊரில் கடன் எப்படி இருந்தது? கடனுக்கு ஈடு உடம்பு. கட்ட முடியாவிட்டால் வாங்கியவன் அடிமை, அவன் பிள்ளைகளும் அப்படியே. வெளிநாட்டுக்கும் விற்றார்கள். சோலோன் இருந்த கடன்களை ரத்து செய்தார், உண்மைதான். அதோடு, இனி எவரும் மனித உடம்பை ஈடாக வைத்துக் கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று சட்டமும் போட்டார். தள்ளுபடி ஒரு தடவையோடு முடிந்தது. அந்தத் தடை நின்றது. பேச்சாளர் விழுங்கிவிட்ட பாதி இதுதான். நான் கேட்க எழுந்ததும் இதைத்தான்.

ஓட்டுக்காகவாம்! ஏழைகளும் பணக்காரர்களும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சாகும் நிலையில், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு உட்காரவைத்த மத்தியஸ்தர் அவர். நீயே சர்வாதிகாரி ஆகிவிடு என்று நண்பர்கள் தூண்டினார்கள், மறுத்துவிட்டார். சட்டங்களை எழுதிவைத்துவிட்டுப் பத்து வருடம் ஊரைவிட்டே போய்விட்டார். ஓட்டுப் பொறுக்குகிறவர் செய்கிற காரியமா இது? நிலத்தைப் பங்கு போட்டுத் தருவார் என்று ஏழைகள் காத்திருந்தார்கள், அதையும் செய்யவில்லை. இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். நாய்க் கூட்டத்தின் நடுவே ஓநாய் போலச் சுழன்றேன் என்று அவரே பாட்டாக எழுதி வைத்திருக்கிறார்.

அதே பாட்டில் இன்னொரு இடம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் ஒன்று. நான் மதுரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருந்தபோது, ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தீபாவளி லீவுக்கு அப்புறம் வரவே இல்லை. "அப்பா அட்வான்ஸ் வாங்கிட்டாரு டீச்சர், முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பிட்டாங்க" என்றாள் அவன் தங்கை. வடக்கே எங்கேயோ. பல மாதம் கழித்துத் திரும்பி வந்தான். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு. நோட்டுகளை எண்ணிக் கொடுக்கச் சொன்னால் இந்தியில்தான் எண்ணினான். சோலோன் தன் பாட்டில் என்ன சொல்கிறார் தெரியுமா? விற்கப்பட்டு, அலைந்து அலைந்து, சொந்த ஊர்ப் பேச்சே மறந்துபோனவர்களை ஏதென்ஸுக்குத் திரும்பக் கூட்டிவந்தேன் என்கிறார். இதைப் படிக்கும்போது எனக்கு வேறு யார் முகம் ஞாபகம் வரும்? டீச்சர் உணர்ச்சிவசப்படுகிறார் என்பீர்கள். பட்டுவிட்டுப் போகிறேன். நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல். கொத்தடிமைக் கடன் செல்லாது என்று அதுவும்தான் சொல்கிறது. அதுவும் ஓட்டுக்காகத்தானா?

"அப்போ நேர்மையாகக் கடன் கொடுத்தவன் கதி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவனுக்குப் போனது பணம். மற்றவனுக்குப் போய்க்கொண்டிருந்தது பிள்ளை. இதற்கு மேல் அவருக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை.

சட்டம் வரப்போவது முன்கூட்டியே தெரிந்த சோலோனின் நண்பர்கள் கடன் வாங்கி நிலம் வாங்கிப்போட்ட கதையைச் சிலர் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஏதோ புதையல் எடுத்த மாதிரி. எனக்கும் தெரியும். சோலோனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நடந்திருந்தால் கேவலம்தான். ஆனால் சோலோனுக்கே வரவேண்டிய ஐந்து தாலந்து (அந்தக் காலத்தில் பெரிய தொகை) அந்தச் சட்டத்தால் போனது என்று சொல்வதும் அதே புளூட்டார்க்தான். அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலோ, சர்வாதிகாரமே வேண்டாம் என்று ஒதுங்கியவர் இந்த அற்பக் காசுக்கா கை நீட்டுவார், இது எதிரிகள் கட்டிய கதை என்கிறது. மேல் வரியைப் படித்துவிட்டுக் கீழ் வரியைக் கையால் மறைத்துக்கொள்வது என்ன வாசிப்பு?

வெளிநாட்டிலிருந்து ஏதென்ஸுக்குக் கொண்டுவந்த அடிமைகளை அவர் விடுவிக்கவில்லையே, சொந்த நிலத்தில் வருடத்துக்கு 500 அளவை விளைச்சல் எடுக்கும் பணக்காரனுக்குத்தானே பெரிய பதவிகளைத் திறந்துவிட்டார், கூலிக்காரனுக்குப் பதவியே இல்லையே என்றால், ஆமாம், இல்லை. நான் அவருக்குக் கோவில் கட்டச் சொல்லவில்லை. கூலிக்காரனுக்கும் மக்கள் சபையில் இடம் இருந்தது, நீதிமன்றத்தில் இடம் இருந்தது. பாதிக்கப்பட்டவன் சார்பில் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்றும் வைத்தார். சொந்த நிலத்தில் சுமார் 60 அடி தோண்டியும் தண்ணீர் வராதவன் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தினம் இரண்டு தடவை ஒரு குடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதுவரை யோசித்த மனிதர். அவருக்கு ஒரே வார்த்தையில் 'தள்ளுபடி' என்று முத்திரை குத்திவிட்டுக் கைதட்டல் வாங்கிப் போகிறார்கள்.

பேச்சாளர்மேல்கூட எனக்குக் கோபம் அவ்வளவு இல்லை. அரங்கத்தில் சிரித்துவிட்டு, ராத்திரி இன்பாக்ஸில் வந்து "நீங்க சொல்ல வந்ததுதான் டீச்சர் சரி" என்று ஆறுதல் சொன்னீர்களே, உங்கள்மேல்தான். சோலோனின் சட்டங்களில் இதுவும் ஒன்று என்கிறார்கள்: ஊர் இரண்டுபட்டுச் சண்டை போடும்போது எந்தப் பக்கமும் சேராமல் வேடிக்கை பார்ப்பவனுக்குக் குடியுரிமை கிடையாது. பாதிப் பேர் அன்றைக்கே ஊரை இழந்திருப்பீர்கள். இனிமேல் இன்பாக்ஸ் வேண்டாம். சரி என்றாலும் தப்பு என்றாலும் கீழே கமெண்டில், சொந்தப் பெயரில் எழுதுங்கள்.