இறந்தவருடைய மேன்முறையீடு

களுதாவளையில் சென்ற மாதம் ஓர் அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். இறந்தவர் மேல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டு, கொழும்பில் தமது மேன்முறையீடு விசாரணைக்கு வரும் நாளை எதிர்பார்த்திருந்தவர். முப்பத்தோராம் நாள் வெளியிட்ட கல்வெட்டு என்னும் நினைவு நூலில் அவருடைய பிறப்பு, மணம், பிள்ளைகள், கோயில் தொண்டு யாவும் இருந்தன. வழக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூத்த மகள் வழக்குக் கோவையைச் சொப்பிங் பையோடு மடியில் வைத்தபடி, "இனி அப்பாட வழக்கு என்ன மாமா?" என்று கேட்டாள்.

எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், இறந்தால் மேன்முறையீடு அற்றுப்போகும் என்பது ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து பல நாடுகளுக்கு வந்த பழைய விதி. தண்டிக்க ஆளில்லை என்பதே அதன் காரணம். தண்டனையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால், அவர் குற்றம் செய்தாரா என்ற கேள்வி உடலோடு எரிந்துவிடுவதில்லை.

அமெரிக்காவில் என்ரோன் எரிசக்தி நிறுவனத்தின் தலைவராயிருந்து, மோசடிக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்ட கென்னத் லே 2006இல் மேன்முறையீட்டுக்கு முன்பே இறந்ததால் அவருடைய குற்றத்தீர்ப்பு முழுவதுமாக நீக்கப்பட்டது. பணத்தை இழந்தவர்களுக்கு அது எத்தனை கசப்பாக இருந்திருக்கும்! ஆகவே அழித்துவிடுவதும் நீதியன்று, ஆராயாமல் அப்படியே நிலைக்க விடுவதும் நீதியன்று.

நியூசிலாந்தின் பீட்டர் எலிஸ் 1993இல் சிறுவர்மீதான பாலியல் துர்நடத்தைக்காகக் குற்றவாளியாகக் காணப்பட்டவர். 2019 செப்டெம்பரில், மேன்முறையீடு கேட்கப்படுமுன் இறந்தார். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாவோரிப் பழங்குடி மக்களின் வழக்காற்றையும், இறந்தபின்னும் ஒருவருடைய மதிப்பு நிலைக்கிறது என்ற அவர்களுடைய எண்ணத்தையும் கருத்திற்கொண்டு வழக்கைத் தொடர அனுமதித்து, 2022 ஒக்டோபரில் குற்றத்தீர்ப்புகளை நீக்கியது. செத்தவருக்கு எட்டும் முப்பத்தொன்றும் செய்து, கல்வெட்டும் அச்சிடும் நமக்கு அந்த எண்ணம் அந்நியமானதன்று.

இந்தியச் சட்டம், மரணதண்டனையோ சிறைத்தண்டனையோ பெற்றவருடைய நெருங்கிய உறவினர் வழக்கைத் தொடர அனுமதி கேட்கலாம் என்கிறது; ஆனால், இறந்து முப்பது நாளுக்குள் கேட்கவேண்டும். நம் வீடுகளில் அந்தியேட்டி முடிவதற்குள் அந்தக் காலம் கடந்துவிடும்! இங்கிலாந்தில் ஓராண்டு கொடுக்கிறார்கள். எந்த நாட்டுச் சட்டத்திலும் குடும்பத்துக்கு அந்த ஓராண்டும், செலவைத் தாங்க முடியாதவர்களுக்குச் சட்ட உதவியும் உரிமையாக எழுதப்படவேண்டும் என்பதே என் கருத்து. அப்போது பாதிக்கப்பட்டவர் தரப்புக்கும் முறையான விடை கிடைக்கும்.

அந்தப் பிள்ளையிடம் கோவையை எறிந்துவிடாதே என்றும், முதலில் சட்டத்தரணியைப் போய்ப் பார் என்றும் சொன்னேன். பையின் வாயை மடித்து, அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்தாள்.