ஒயில் மாத்த இவ்வளவு பாடா?

ஒயில் மாத்துறது என்ன பெரிய வேலை எண்டு கேக்கிறவை, டிரை சம்ப் எஞ்சின் (ஒயிலை அடிச்சட்டியில வைக்காம தனி டாங்கில வைக்கிற எஞ்சின்) உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்குக் கீழ ஒருக்கா படுத்துப் பாக்கட்டும். முதல்ல படுக்க இடம் எங்க? கார் தரையோட ஒட்டிக் கிடக்குது, சாதாரண ஜக் உள்ளுக்கே போகாது. பலகையில ஏத்தி, ஸ்டாண்டில நிப்பாட்டி, அடித்தட்டைக் கழட்ட வேணும். அதில எத்தினை ஸ்குரூ!

வடிக்க ஒரு பிளக் காணாது. சம்ப்பில, அதாவது எஞ்சின் அடிச்சட்டியில ஒண்டு, ஒயில் டாங்கில இன்னொண்டு. ஒண்டை விட்டா பழைய ஒயில் உள்ளுக்கே நிண்டிடும். அலுமினியப் புரி வேற, அளவா இறுக்கிற டோர்க் ரெஞ்ச் இல்லாம இறுக்கினா புரி போச்சு. வொஷர் ஒவ்வொரு முறையும் புதுசு. கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பார்ட்ஸ் கடையளில கொரொல்லாவுக்கு எல்லாம் கிடைக்கும், இதுக்கு?

அளவு பாக்கிறதுதான் பெரிய கொடுமை. எஞ்சின் ஆறினாப் பிறகு பாத்தா டாங்கி ஒயில் கீழ இறங்கி, குறைவாக் காட்டும். அதை நம்பி ஊத்தினா கூடிப்போய், பிறீதர் (எஞ்சின் ஆவி போற குழாய்) வழியா, காத்து இழுக்கிற இன்டேக்குக்குள்ள ஏறி நீலப்புகை கக்கும். பல மொடல்களில எஞ்சின் நல்லாச் சூடேறி, ஓடிக்கொண்டு இருக்கேக்க, மட்டமான தரையில பாக்க வேணும். வெள்ளவத்தை அபார்ட்மென்ட் பார்க்கிங்கில மட்டமான தரையா? பத்து லீற்றர் பழைய ஒயிலை ஆரிட்டக் குடுக்கிறது?