1974-ஆம் ஆண்டுக் கோப்பையை விட்டுவிட வேண்டாம்
"இந்திய இளையோர் கால்பந்து அணி 2017-க்கு முன் பன்னாட்டுப் போட்டி எதிலும் கோப்பை வென்றதில்லை" என்று நண்பர் எழுதியிருப்பது சரியல்ல. 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளையோர் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில், ஷபீர் அலி தலைமையிலான நம் அணி ஈரானுடன் 2-2 எனச் சமன் செய்து, பட்டத்தை அந்நாட்டுடன் பகிர்ந்துகொண்டது. 2017-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் நாம் ஆடியதோ போட்டியை நடத்திய நாடு என்ற முறையில். மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம். ஆயினும், கொலம்பியாவுக்கு எதிராக 82-ஆம் நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தியது மறக்கக்கூடியதன்று. கீழக்கரையிலும் தொண்டியிலும் ஈரமணல் அப்பிய வெறுங்காலோடு மாலையில் பந்தாடும் நம் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால், அந்த வரியைத் திருத்திவிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.