தார் ரோட்டிலிருந்து லயம் வரை

ஆறு வருஷத்துக்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த சின்னம்மாவைக் குளவி கொட்டியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கழுத்திலும் காதோரத்திலும் யாரோ சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். உதடு தடித்துப் பேச்சு வரவில்லை. கூடைக் கயிறு இன்னும் தலையிலேயே கிடந்தது.

அம்புலன்ஸுக்கு, 1990 நம்பருக்கு அடித்தோம். வண்டியும் வந்தது, தார் ரோடு முடிகிற கோயிலடி வரைக்கும். அங்கே வழி சொல்ல ஒருத்தர் நிற்கவில்லை. எல்லோரும் மலையில் சின்னம்மாவைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தோம். பாதி தூரம் கைத்தாங்கலாக நடக்க வைத்து, மீதி கம்பளியில் கட்டித் தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க முக்கால் மணி நேரம். பிழைத்துவிட்டார்.

2016இல் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்த சுவசெரிய இலவச அம்புலன்ஸ் நமக்குப் பெரிய உதவி. தோட்டத்து லொறிக்காகக் காத்துக் கிடந்த கதையை அம்மாமார் சொல்வார்கள். ஆனாலும் ரோட்டுக்கும் நாம் குடியிருக்கிற லயத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஏற்றம் நம் கையில்தான்.

போன வருஷம் நாங்கள் ஒன்பது பேர் முதலுதவி பழகினோம். பொம்மையின் நெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிஷத்தில் கை சோர்ந்துவிட்டது, மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும். குளவி கொட்டி மூச்சுத் திணறுகிறவரை அட்ரினலின் ஊசிதான் காப்பாற்றும், அவரை நடக்கவே விடக்கூடாது என்று சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. சின்னம்மாவை நாங்கள் நடக்க வைத்தோமே!

ஒன்பது பேரும் பையன்கள். அதில் ஐந்து பேர் இப்போது கொழும்பில், கடை வேலைக்கு. பகலில் மலையில் நிற்பது பெண்கள்தான், குளவி கொட்டுவதும் அவர்களைத்தான். அவர்களுக்கல்லவா முதலில் பழக்க வேண்டும்? வேலை நாளில் வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும் என்று அக்காமார் தயங்குகிறார்கள். நியாயம்தான். பயிற்சிக்குப் போகிற நாளுக்குத் தோட்டம் முழுப் பேர் போட வேண்டும். இதைத் தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சோடு சேர்த்துக் கேட்க வேண்டும். ரோடு போடுவது அரசாங்கத்தின், நிர்வாகத்தின் பொறுப்பு, அதையும் விடாமல் கேட்போம். ரோடு வரும்வரை குளவி காத்திருக்காது.

அதுவரைக்கும் ஞாயிறு காலை ஒன்பதுக்குக் கோயில் மண்டபத்தில் நாங்களே சொல்லித் தருகிறோம். அக்காமாரே, வீட்டிலிருந்து ஒரு கம்பளி மட்டும் கொண்டு வாருங்கள், தூக்கிப் பழக.