சோலாருக்கு முன்னால் ஃபேனைப் பாருங்கள்

கரண்ட் பில்லைக் குறைக்க முதலில் மாடியில் சோலார் போடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சொந்த வீட்டுக்காரர்களுக்குச் சரி. எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வது?

நாங்கள் ஃபேனில் ஆரம்பித்தோம். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி (BLDC) ஃபேன் 30 வாட் சொச்சம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே சுமார் 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் மாற்றியதில் 540-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்த ரீடிங் 430-க்கு இறங்கியது. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 101-லிருந்து 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் போய்விடும். பில் திடீரென்று எகிறுவது அதனால்தான்.

ஒன்று மட்டும் கவனம். மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டரையே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஃபேன் நின்று நின்று ஓடியது. பிஎல்டிசிக்கு ரிமோட் போதும், சுவரில் இருக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள்.

ஏசியை 24-லிருந்து 26-க்கு ஏற்றி ஃபேனையும் போட்டுக்கொள்கிறோம். முதல் வாரம் வீட்டில் சண்டைதான், அப்புறம் பழகிவிட்டது. மேல்மாடி வீடு என்பதால் மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடிக்கலாமா என்று ஓனரிடம் கேட்டிருக்கிறேன். பாதிச் செலவு நான் தருகிறேன் என்றும் சொல்லியாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.