நிதானமாகப் போக மிஞ்சோ நதிக்கரை

இத்தாலியில் சைக்கிள் சுற்றுலா என்றால் டஸ்கனிதான் என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. அழகான பகுதிதான், ஆனால் மேடு ஏறி இறங்கியே கால் ஓய்ந்துவிடும். ஊர் பார்த்துக்கொண்டே போக நினைப்பவர்களுக்கு வடக்கே மிஞ்சோ நதிக்கரையைத்தான் சொல்வேன். கார்தா ஏரிக்கரையில் உள்ள பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா நகரம் வரை சுமார் 45 கி.மீ. பாதை ஏறக்குறைய சமதளம், பெரும்பகுதியில் கார் தொந்தரவு கிடையாது.

வழியில் போர்கெத்தோ என்ற சிற்றூரில் கட்டாயம் இறங்குங்கள். ஆற்றிலேயே நிற்கும் பழைய நீர்ச்சக்கர ஆலைகள், பக்கத்தில் மிலான் பிரபு ஜான் கலியாத்சோ விஸ்கொந்தி 1393-இல் கட்டிய கோட்டைப் பாலம். மிஞ்சோவையே திசைதிருப்பி மாந்தோவாவை மடக்கப் பார்த்திருக்கிறார் மனிதர்!

மாந்தோவாவுக்கு ஒரு நாள் போதவே போதாது. அந்நகரை ஆண்ட கொன்சாகா குடும்பத்தின் அரண்மனையில் ஓவியர் மாந்தேஞ்யா 1474-இல் முடித்த சுவரோவிய அறைக்கு மட்டும் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். அப்புறம், பூசணிப் பூரணம் வைத்த தோர்த்தெல்லி என்ற பாஸ்தா. அதைச் சாப்பிடாமல் கிளம்பாதீர்கள்.

ஜூலை, ஆகஸ்டில் அந்தச் சமவெளி புழுங்கித் தள்ளும். மே அல்லது செப்டம்பர் நல்லது. திரும்பி வர, சைக்கிள் குறியிட்ட உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்கும் டிக்கெட் எடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.